முகக்கவசத்துக்குள் பாட்டு வகுப்பு

"வாயைத் திறந்து பாடு" என்பதுதான் பாட்டு வாத்தியார்கள் ஒரு நாளில் அதிகம் சொல்லும் வாக்கியம். 2021இல் பள்ளிக்கூடம் திறந்தபோது அதைச் சொல்வதற்கே வழியில்லாமல் போயிற்று. திறந்தாளா, பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிறாளா என்று எப்படித் தெரியும்? நெற்றி, புருவம், இரண்டு கண்கள், அதற்குக் கீழே நீலத் துணி. திருச்சியில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் இசை ஆசிரியை. மாலையில் ஸ்ரீரங்கத்தில் வீட்டு வகுப்பு. இரண்டு இடத்திலும் மாஸ்க் போட்டபடி சொல்லிக்கொடுத்த அந்தக் காலம், குரலையும் எழுத்தையும் பற்றி வேறு எங்கும் கிடைக்காத பாடங்களை எனக்குக் கொடுத்தது.

அதற்கு முந்தைய வருஷம் முழுக்க ஃபோன் வகுப்பு. திரையில் வாய் தெரியும். பாட்டுதான் நேரத்துக்கு வந்து சேராது. ஒலி ஒரு கணம் பிந்தி வருவதால் சேர்ந்து பாட முடியாது, தாளம் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். நான் பாடி நிறுத்த, அவர்கள் திருப்பிப் பாட, அப்படியே ஓட்டினோம். பிறகு 2021 ஜனவரி 19 அன்று பத்தும் பன்னிரண்டும், பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும், நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகளும் என்று பள்ளிகள் திறந்தன. குரல் நேரில் வந்தது. வாய் காணாமல் போயிற்று.

பாட்டு வகுப்பு என்றாலே ஜனங்கள் ஒதுங்கிய சமயம் அது. பயம் வீண் பயமில்லை. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்திருந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் கண்டது. இரண்டு பேர் இறந்தார்கள். பாடுவதே ஆபத்து என்று உலகம் பேச ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து பஜனை மண்டலிப் பெரியவர்கள் மார்கழி வீதி பஜனையை நிறுத்திவிட்டார்கள். சென்னையில் 2020 டிசம்பர் சீசன் பெரும்பாலும் இணையத்துக்குப் போய்விட்டது.

ஆனால் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே உண்மையில் எவ்வளவு வித்தியாசம் என்று இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அளந்து பார்த்தபோது வேறு சங்கதி தெரிந்தது. ஒரே சத்தத்தில் பேசினாலும் பாடினாலும் வாயிலிருந்து வரும் நுண்துளிகளில் பெரிய வேறுபாடு இல்லை. மெல்லிய குரலிலிருந்து உச்சக் குரலுக்குப் போனால்தான் அந்தத் துளிகளின் நிறை இருபது, முப்பது மடங்காக உயர்கிறது. ஆபத்தைக் கூட்டியது பாட்டைவிட அதை எவ்வளவு உரக்கப் பாடுகிறோம் என்பதுதான். என் வகுப்பின் போக்கையே மாற்றிய செய்தி இது. மாஸ்க் போட்டதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குரலை உயர்த்துவதுதானே?

அப்படி உயர்த்திய குரலோடுதான் ஆசிரியர் ஓய்வறை அந்த நவம்பரில் நிறைந்திருந்தது. கணக்கு டீச்சருக்குத் தொண்டை கட்டியிருக்கும். அறிவியல் டீச்சருக்கு மூன்றாம் பீரியடிலேயே குரல் கம்மிப்போகும். "என்ன கத்தினாலும் கடைசி பெஞ்சுல 'என்ன மிஸ்? என்ன மிஸ்?'னு கேக்குறாங்க" என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். நான் அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன்: கத்தக் கத்த உயிரெழுத்துதான் பெரிதாகும், மெய்யெழுத்து பெரிதாகாது, கேட்காமல் போவது மெய்யெழுத்து. இதை நான் கண்டுகொண்டது சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்த முதல் சில வகுப்புகளில்.

மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடினார்கள். காதை எவ்வளவு தீட்டிக் கேட்டாலும் ஸ்வர ஸ்தானத்தில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. ரிஷபம் ரிஷபமாக இருந்தது, தைவதம் தைவதமாக இருந்தது. கார்வை நின்றது. அகாரத்தில் பாடச் சொன்னால் கொஞ்சம் மங்கலாக, கதவுக்கு அந்தப்பக்கமிருந்து வருகிற மாதிரி கேட்டதே தவிர சங்கீதத்துக்குச் சேதமில்லை. கீர்த்தனைக்கு வந்தோமோ இல்லையோ, சாகித்யம் கரைந்துவிட்டது. தெரிந்த பாட்டானால் காது தானே நிரப்பிக்கொள்ளும். புதுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தால் குழந்தைகள் எழுதிக்கொண்ட நோட்டைப் பார்க்க வேண்டும். நான் சொன்ன வார்த்தை ஒன்று, நோட்டில் இருக்கும் வார்த்தை வேறு.

காரணம் அதிர்வெண்ணில் இருக்கிறது. பெண்குரலுக்கு ஐந்தரைக் கட்டை சுருதி என்றால் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் விநாடிக்கு ஏறத்தாழ 208 அதிர்வு, தார ஷட்ஜம் 415. நம் சங்கீதத்தின் ஸ்வரங்கள் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழேயே குடியிருக்கின்றன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரயன் கோரியும் சகாக்களும் 2020இல் பல வகை முகக்கவசங்களை அளந்தார்கள். ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்த மாஸ்க்கும் அதிகம் தடுக்கவில்லை; அதற்கு மேலேதான் தடுப்பு தொடங்குகிறது, மேலே போகப் போகக் கூடுகிறது. மெய்யெழுத்தின் அடையாளங்கள் இருப்பதோ அந்த மேல்மாடியில். 'ச'வின் சீறல், 'ட'வும் 'த'வும் வெடிக்கும் கூர்மை, ல-ள-ழ மூன்றையும் பிரிக்கும் நாக்கின் சாயல், எல்லாம் அங்கேதான். நாதத்தை மாஸ்க் விட்டுவிட்டது, சாகித்யத்தைப் பிடித்துக்கொண்டது.

எல்லா மெய்யும் ஒரே மாதிரி பாதிக்கப்படவில்லை என்பதுதான் எனக்கு ருசியான இடம். ம, ந இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே மூக்கில் ஒலிக்கும் மெல்லினம், காதுக்கு மிக நெருக்கம். 'மாலை', 'நாலை' என்று கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று கேட்டால் எது எது என்று தடுமாறும். பிரித்துச் சொல்வது கண். 'ம'வுக்கு உதடு ஒட்டுகிறது, 'ந'வுக்கு ஒட்டுவதில்லை, அவ்வளவுதான். முகம் தெரிந்த காலத்தில் இந்த உதவியைக் கண் செய்துகொண்டிருந்ததே யாருக்கும் தெரியாது. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976இல் இதைச் சோதனையாகவே செய்துகாட்டினார்கள். ஒலியில் 'ப', படத்தில் 'க' சொல்லும் வாய் என்று சேர்த்துப் போட்டால் பார்க்கிறவருக்கு 'த' என்று கேட்கிறது. கண்ணும் காதும் சேர்ந்துதான் எழுத்தைக் கேட்கின்றன.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகளைப் பிறக்கும் இடம் வைத்து வரிசைப்படுத்தும்போது ப, ம இரண்டுக்கும் இதழ் இரண்டும் சேர்வதையும், 'வ'வுக்கு மேற்பல் இதழைத் தொடுவதையும் சொல்கிறார். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிற செய்தி. மாஸ்க் போட்டு வகுப்பெடுத்த பிறகு அந்த அதிகாரத்தை மறுபடி எடுத்துப் படித்தபோது, கூர்ந்து முகம் பார்த்த ஒருவர் எழுதியது என்று அதன் ஒவ்வொரு சூத்திரத்திலும் பட்டது.

உதட்டை வைத்தே விளையாடிய மரபும் நமக்கு உண்டு. இதழ் ஒட்டாத எழுத்துகளாலேயே பாடும் நிரோட்டகத்தில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூருக்கு ஓர் அந்தாதியே செய்திருக்கிறார். ஏழு ஸ்வரங்களில் உதடு ஒட்டுபவை ம, ப இரண்டும்தான். அவ்விரண்டையும் விட்டுவிட்டு அமைந்த ராகம் நிரோஷ்டா. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதில் கீர்த்தனை செய்தபோது சாகித்யத்திலும் உதடு ஒட்டாமல் பார்த்துக்கொண்டார். பெரிய பெண்களிடம் இதைச் சொன்னேன். மாஸ்க்குக்குள்ளேயே நிரோஷ்டா ஸ்வரங்களைப் பாடவிட்டு, பிறகு சங்கராபரணம் முழுதாகப் பாடச் சொன்னேன். உதடு எங்கே வேலை செய்கிறது, எங்கே சும்மா இருக்கிறது என்பது அவர்களுக்கே உள்ளே தெரிய ஆரம்பித்தது. யாரும் பார்க்காத உதட்டை அவரவர் உணர்ந்து பழகியது அந்த வகுப்புகளில்தான்.

இரட்டிப்பு எழுத்துகள் மட்டும் தப்பித்துக்கொண்டன. பாடு, பாட்டு, காடு, காட்டு, ஆறு, ஆற்று. இவற்றை எத்தனை தடித்த மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து சொன்னாலும் குழப்பம் வரவில்லை. ஏனென்றால் வல்லின ஒற்று என்பது ஒரு சின்ன நிறுத்தம். ஒலியைத் துணி தடுக்கும், ஒலியில்லாத இடைவெளியை எதைக் கொண்டு தடுக்கும்? இதைப் பார்த்த பிறகு என் மருந்து எனக்குக் கிடைத்துவிட்டது. சத்தத்தைக் கூட்டாமல் காலத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். ஒற்றை நன்றாக ஊன்றி நிற்க வேண்டும். வார்த்தை முடிவிலுள்ள மெய்யை விழுங்காமல் முடிக்க வேண்டும். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் விட வேண்டும். கணக்கு டீச்சருக்கும் இதையேதான் சொன்னேன். வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், எண்ணைச் சொல்லும்போது பலகையிலும் எழுதுங்கள், குரலை வழக்கமான சுருதியிலேயே வையுங்கள். ஒரு வாரத்தில் அவருடைய தொண்டை தெளிந்தது. 'ஏழா, எட்டா' என்ற தகராறுகூட இரட்டிப்பை ஊன்றியதும் பாதி தீர்ந்தது.

மூச்சுதான் பாட்டுக்காரருக்கு நேர்ந்த நிஜமான கஷ்டம். பேச்சில் மூச்சு தன்பாட்டுக்கு வந்துபோகும். பாட்டில் நீளமான சங்கதி முடிந்த கையோடு அடுத்த எடுப்புக்குள் சட்டென்று ஒரு மூச்சு இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் துணி நேராக வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும். அரை மணி பாடியதும் உள்ளே ஈரம் சேர்ந்து இன்னும் கனமாகும். அகாரத்துக்குத் தாடையை இறக்கினால் மாஸ்க் மூக்கிலிருந்து நழுவும். தாளம் போடுகிற கை மூக்குக்கு ஓடும். திரும்பி வரும்போது தாளம் அரை அட்சரம் தள்ளிப்போயிருக்கும். இந்தத் தொல்லைக்குப் பயந்து பிள்ளைகள் தாடையை இறக்காமலே பாடப் பழகினார்கள். அகாரம் ஒகாரத்தை நோக்கி ஒதுங்கியது. முகக்கவசத்தின் பாதிப்பு என்று பலரும் நினைத்த அந்த மந்தமான ஒலியில் பாதி, துணியால் வந்தது. மீதிப் பாதி, துணிக்குப் பயந்து சுருங்கிய வாயால் வந்தது. இந்தப் பழக்கம் ஆபத்தானது. துணி ஒருநாள் போய்விடும், சுருங்கிய வாய் போகாது.

அதனால் மாஸ்க்கையே மாற்றிப் பார்த்தேன். நியூயார்க்கில் நாடக மேடைக்காரர்கள் பாடகர்களுக்கென்றே, உள்ளே சட்டம் வைத்து வாயைவிட்டு விலகி நிற்கும் முகக்கவசம் தைப்பதாகக் கேள்விப்பட்டு, எங்கள் தெருமுனைத் தையற்காரரிடம் போய் விளக்கினேன். அவர் முகவாய்க்குக் கீழே இரண்டு விரல் அளவு கூடுதல் துணி விட்டு, நடுவில் ஒரு பிடிப்புத் தைத்து, மூக்கின் மேல் கம்பி வைத்துக் கொடுத்தார். தாடை இறங்கினாலும் மூக்கைவிட்டு நகரவில்லை, மூச்சு இழுத்தாலும் வாயில் ஒட்டவில்லை. தடித்த துணியானதால் எழுத்துத் தெளிவு கொஞ்சம் குறைந்தது. மருத்துவமனைகளில் போடும் நீல மாஸ்க் ஒலிக்கு நல்லது; பருத்தியில் நெருக்கமாக நெய்த தடித்த துணி மோசம்; என்95 பாதுகாப்பில் முதலிடம், பாடுவதற்குக் கடினம். காலாண்டுக்குப் பிறகு வகுப்பை மரத்தடிக்கு மாற்றி, இடைவெளி விட்டு உட்காரவைத்து, நீல மாஸ்க்கிலேயே நிலைத்தோம். பாட்டின் காலப்பிரமாணத்தைக் குறைத்தோம். ஒரு மூச்சில் பாடும் இடத்தை இரண்டாகப் பிரித்து, மூக்கால் மெதுவாக இழுக்கப் பழக்கினேன்.

பிள்ளைகளின் முகத்தைத் தொலைத்த எனக்கு அந்தத் துணியே முகமாக மாறியதையும் சொல்லியாக வேண்டும். 'ப' சொல்லும்போது மாஸ்க்கின் நடுமடிப்பு வெளியே துடிக்கும். 'ம'வுக்குத் துடிக்காது. மூச்சு இழுக்கும்போது இரண்டு கன்னப்பக்கமும் குழியும். முன்பெல்லாம் முப்பது பேர் சேர்ந்து பாடும்போது யார் எங்கே மூச்சை வெட்டுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. இப்போது வரிசையைப் பார்த்தாலே போதும். மலஹரி கீதத்தில் ஒரு வார்த்தையின் நடுவில் மூன்றாவது வரிசையில் ஒரு துணி உள்ளே போகும். "அங்க இழுக்காதே கண்ணு, வார்த்தை முடியட்டும்" என்றதும் "எப்படி மிஸ் தெரிஞ்சுது?" என்று அந்தக் கண்கள் விரியும். எங்கள் பள்ளி விழாவுக்கு மிருதங்கம் வாசிக்க வந்த வித்வான் ஒத்திகையில் சொன்னது இன்னொன்று: "உதட்டைப் பாத்துத்தாம்மா எடுப்பைப் பிடிப்பேன். இப்போ உங்க தோளைப் பாத்துக்கிட்டிருக்கேன்." மூச்சு இழுத்தால் தோள் லேசாக ஏறும், அதுதான் அவருக்குத் துப்பு.

ஏழாம் வகுப்பில் காதுக்கருவி போட்ட ஒரு பெண் இருந்தாள். நல்ல தாளக்கட்டு. மற்றவர்களுக்கு மாஸ்க் ஓர் அசௌகரியம். அவளுக்கு இது வகுப்பையே பறித்துக்கொண்டது. உதட்டைப் படித்தே பாதிப் பாடத்தைப் பிடிக்கிறவள் அவள். போதாததற்கு, காதுக்குப் பின்னால் கருவி, அதே இடத்தில் மாஸ்க்கின் நாடா. கழற்றும்போது கருவியும் சேர்ந்து தெறித்துவிடும். அவளுடைய அம்மா தலைப்பின்னலுக்குப் பின்னால் பொத்தான் வைத்த ஒரு பட்டை தைத்து, நாடாவை அதில் மாட்டிவிட்டார். எனக்கு வாய்ப்பகுதியில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வைத்த மாஸ்க் ஒன்று வாங்கினேன். அளவெடுத்தவர்களைக் கேட்டால் ஒலியைத் தடுப்பதில் அதுதான் மிக மோசமான வகை. உண்மைதான், மற்ற பிள்ளைகள் சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். அவளுக்கோ உதடு தெரிந்தது. புடவைத் தலைப்பில் ஒரு காலர் மைக்கைக் குத்தி, இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி கட்டிக்கொண்டேன். மாஸ்க் முன்பக்கம் தடுக்கும் ஒலி கீழ்ப்பக்கமாக வழிந்து மார்பருகே வருவதால் அங்கே வைத்த மைக்குக்கு இழப்பு குறைவு. பிளாஸ்டிக்கின் உட்பக்கம் ஆவி படியாமலிருக்க ஒரு சொட்டு சோப்பைத் தேய்த்துத் துடைத்துவிடுவேன். ஒலி அளக்கும் கருவியில் எது எத்தனை டெசிபல் என்று படித்தாலும், எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாமல் எந்த மாஸ்க் நல்லது என்று சொல்லிவிட முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2021 டிசம்பர் 17 அன்று தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 விநாடியில், முல்லைப்பாணி என்கிற மோகன ராகத்தில், மூன்றன் நடையில் பாட வேண்டும்; விழாக்களில் ஒலிப்பதிவைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாடுவதை ஊக்குவிக்க வேண்டும் என்று அரசாணை சொன்னது. என் போன்றவர்களுக்கு மனம் நிறைந்த நாள். ஆனால் பாட வேண்டிய என் பிள்ளைகள் மாஸ்க்குக்குள் இருந்தார்கள். மோகனம் உதவிக்கு வந்தது. ஐந்தே ஸ்வரம், எளிதில் பிசகாது. எம்.எஸ். விஸ்வநாதன் போட்ட அந்த மெட்டில் ஸ்வரத்தைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. முழு நேரத்தையும் எழுத்துக்குக் கொடுத்தேன். ழகரம் வருமிடமெல்லாம் நாக்கு மடிந்து நிற்க ஒரு கணம் விட்டேன். இரண்டு மெய் சேர்ந்து வரும் இடங்களைத் தாளத்தோடு பொருத்திப் பழக்கினேன். ஒருத்தி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள். பாட்டு மனப்பாடமாகத் தெரியாத சின்ன வகுப்புப் பெண்ணாகப் பார்த்து அனுப்புவேன். கேட்ட வார்த்தையை அவள் சிலேட்டில் எழுத வேண்டும். எழுத முடியாத வார்த்தையை மறுபடி பாடினோம். 55 விநாடிக்குள் அத்தனையும் அடங்கியது, யாரும் குரலை உயர்த்தவில்லை.

மாஸ்க் கழன்ற பிறகு நான் எதிர்பார்த்தபடியே சிலருக்குச் சுருங்கிய வாய் மிஞ்சியது. கண்ணாடி முன் நிற்கவைத்து அகார சாதகம் செய்வித்து, மந்திர ஸ்தாயியில் நீளமாகக் கார்வை பிடிக்கவிட்டு, தாடையை மெல்ல இறக்கவைத்தேன். எழுத்துத் தெளிவு மட்டும் முன்னைவிடக் கூடியிருந்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தியை உட்காரவைத்து எழுதச் சொல்வதை இன்றும் புதுப் பாட்டு தொடங்கும்போதெல்லாம் செய்கிறேன். சளிப்பிடித்த பிள்ளை வந்தால் நீல மாஸ்க்கைக் கொடுத்து, அரைக் கட்டை சுருதி இறக்கி, காலத்தைத் தளர்த்திப் பாடச் சொல்கிறேன். பொது மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என் பழைய மாணவி போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, வயதான நோயாளிகளுக்கு மாத்திரை வேளையைச் சொல்லும்போது இதே முறையைத்தான் வைத்திருப்பதாகச் சொன்னாள். 'காலை', 'மாலை' இரண்டும் மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரே மாதிரி கேட்பதால், "விடியக்காலம்", "பொழுது சாய" என்று மாற்றிக்கொண்டாளாம். அந்த வார்ட்டில் இப்போது மற்ற செவிலியர்களும் அப்படியே சொல்கிறார்களாம்.